கீபோட் அடிக்குதில்லை, வைஃபை பிடிக்குதில்லை: கடைக்குக் கொண்டு போக முதல் வீட்டில பாக்கவேண்டிய ஒழுங்கு

எங்கட பக்கம் ஒரு லப்டொப் சண்டித்தனம் விட்டால் எல்லாருக்கும் முதல் வாற யோசனை ஃபோர்மட் அடிக்கிறதுதான், அதாவது உள்ளுக்க இருக்கிறதை எல்லாம் அழிச்சு விண்டோஸைப் புதுசாப் போடுறது. ஃபோர்மட் அடிச்சு கீபோட்டுக்குள்ள போன தேத்தண்ணி காயாது, டேட்டா முடிஞ்ச சிம்முக்கு டேட்டாவும் வராது. பிழை எந்த இடத்தில எண்டு பிரிச்சுப் பாக்காமல் கை வைக்கிறதாலதான் காசும் போய், படமும் போய், பிழை மட்டும் அப்பிடியே நிக்குது.

கீபோட்டும் வைஃபையும் சேந்து குழப்பினால் கீபோட்டைத்தான் முதல் பாக்கோணும். கனபேர் மாறிச் செய்யினம். வைஃபையை நிப்பாட்டுற பட்டன் இருக்கிறது கீபோட்டில, வைஃபை பாஸ்வேட் அடிக்கிறதும் கீபோட்டாலதான், அதால கீபோட் சரியெண்டு தெரியாமல் வைஃபையில நிண்டு மினக்கெடுறது வீண் வேலை. கீழ சொல்லுற மெனு எல்லாம் விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் பொருந்தும், பெயரும் இருக்கிற இடமும் கொஞ்சம் அங்க இங்க மாறலாம்.

1. தொடங்க முதல் கையில எடுத்து வைக்கிறது

ஒரு யூஎஸ்பி கீபோட் (அயல்வீட்டில இரவல் எண்டாலும் பரவாயில்லை), வயர் உள்ள மவுஸ், போனை லப்டொப்போட இணைக்கிற டேட்டா கேபிள், பெயின்ற் அடிக்கிற மெல்லிய புது பிறஷ் ஒண்டு, கொஞ்சம் டேட்டா உள்ள போன். கேபிள் எடுக்கேக்க கவனம், சில கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும், போனைக் கொழுவினவுடன லப்டொப்பில போன் காட்டுதோ எண்டு பாத்து வையுங்கோ.

வயர் இல்லாத கீபோட்டை வச்சு ரெஸ்ட் பண்ணாதீங்கோ. லப்டொப்பின்ர யூஎஸ்பியில கொழுவுற அதின்ர சின்ன டொங்கிளும் வைஃபை மாதிரி 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில வேலை செய்யிறது, பக்கத்தில யூஎஸ்பி 3 ஹாட்டிஸ்க் கொழுவியிருந்தால் அதில இருந்து வாற இரைச்சல் டொங்கிளையும் குழப்பும், வைஃபையையும் குழப்பும். பிறகு எது பிழை எண்டு நீங்களே குழம்பிப் போவீங்கள்.

முக்கியமான ஃபைல் இருந்தால் பென் டிறைவில கொப்பி எடுங்கோ. இப்பவே, பிறகு இல்லை.

2. முதல் றீஸ்ரார்ட், பிறகு கறண்டை முழுசா இறக்கிறது

"நான் ஓஃப் பண்ணிப் போட்டுத்தானே பாத்தனான்" எண்டு எல்லாரும் சொல்லுவினம். விண்டோஸில ஷட்டவுன் குடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்ரார்ட்டப் எண்ட ஒண்டு இருக்கிறபடியால் உள்ளுக்க கொஞ்சம் அப்பிடியே சேமிச்சு வச்சுத்தான் திருப்பி எழும்பும், பிழையும் அதோட சேந்து எழும்பும். றீஸ்ரார்ட் குடுத்தால்தான் புதுசாத் தொடங்கும்.

அதுக்கும் சரிவராட்டி ஷட்டவுன் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, கொழுவியிருக்கிற எல்லாத்தையும் இழுத்து, பற்றரி கழட்டக்கூடிய பழைய மொடல் எண்டால் அதையும் கழட்டி, பவர் பட்டனை 30 செக்கன் அமத்திப் பிடியுங்கோ. போர்டில நிக்கிற மிச்சக் கறண்ட் இறங்கி, கீபோட் கொன்ட்றோலரும் வைஃபை கார்ட்டும் முதல்ல இருந்து தொடங்கும். கறண்ட் வந்து வந்து போன நாளில வாற பிழை கனக்க இதோடயே போயிடும்.

இன்னொண்டு, சார்ஜர் கொழுவியிருக்கேக்க மட்டும் ரச்பாட் துள்ளுது, உடம்பில மெல்ல ஷொக் மாதிரி தட்டுது எண்டால் கீபோட்டைக் குறை சொல்லாதீங்கோ. எர்த் இல்லாத மல்டிபிளக்கில கொழுவியிருப்பியள். சார்ஜரைக் கழட்டிப் பற்றரியில ஓட விட்டால் உடன தெரியும்.

3. கீபோட் பிழையோ, விண்டோஸ் பிழையோ எண்டு பிரிக்கிறது

இந்தப் படியைத் தாண்டிப் போறதாலதான் நல்ல கீபோட்டை எல்லாம் மாத்தி எறியினம். லப்டொப்பை ஓன் பண்ணேக்க பயோஸுக்குள்ள (விண்டோஸ் தொடங்க முதல் வாற செற்றிங்ஸ் திரை) போங்கோ. டெல், ஏசர், அசுஸ் எண்டால் பெரும்பாலும் எஃப் 2, ஹெச்பி எண்டால் எஃப் 10, லெனோவோ எண்டால் எஃப் 1 இல்லாட்டி எஃப் 2. கீ வேலை செய்யாததால உள்ளுக்க போகேலாட்டி மவுஸால செற்றிங்ஸ், சிஸ்ரம், றிகவறி, அட்வான்ஸ்ட் ஸ்ரார்ட்டப் எண்டு போய், ட்றபிள்ஷூட்டுக்குள்ள யூஈஎஃப்ஐ ஃபேம்வெயார் செற்றிங்ஸை அமத்துங்கோ.

பயோஸுக்குள்ள விண்டோஸ் இல்லை, டிறைவர் (கீபோட், வைஃபை கார்ட் மாதிரிச் சாமானை விண்டோஸோட இணைக்கிற சொஃப்ட்வெயார்) இல்லை. அங்க அம்புக்குறி கீயும் என்ரரும் ஒழுங்கா வேலை செய்தால் கீபோட் பெரும்பாலும் நல்லம், பிழை விண்டோஸில. அங்கயும் செத்துக் கிடந்தால் பிழை கீபோட்டிலயோ அதைப் போர்டோட இணைக்கிற தட்டையான றிபன் கேபிளிலயோதான். பாத்திட்டு ஒண்டையும் மாத்தாமல் வெளியில வாங்கோ, அங்க ஒண்டை மாத்திவிட்டால் சில லப்டொப் பிட்லொக்கர் கீ (டிறைவின்ர பூட்டைத் திறக்கிற நீள இலக்கம்) கேட்டுக்கொண்டு நிண்டிடும்.

பிறகு யூஎஸ்பி கீபோட்டைக் கொழுவிப் பாருங்கோ. அதிலயும் அதே பிழை எண்டால் விண்டோஸ்தான், அது நல்லா அடிச்சால் லப்டொப்பின்ர கீபோட்.

பாஸ்வேட் அடிச்சு உள்ளுக்க போகவே ஏலாமல் நிக்கிற ஆக்களுக்கு: லொகின் திரையில வலப்பக்கம் கீழ அக்செசிபிலிற்றிப் படம் இருக்கு, அதை அமத்தினால் திரையிலயே கீபோட் வரும், மவுஸால அடிச்சு உள்ள போகலாம். உள்ள போனபிறகும் ஒன்ஸ்கிறீன் கீபோட்டைத் திறந்து வச்சு லப்டொப் கீ ஒவ்வொண்டா அமத்தினால் திரையிலயும் அந்தக் கீ மின்னும். நீங்கள் ஒண்டையும் தொடாமல் ஒரு கீ மின்னிக்கொண்டே நிண்டால் அது இறுகிப் போய் நிக்குது.

4. விண்டோஸ் பக்கம் பிழை எண்டால்

வலப்பக்க ஷிஃப்ட்டை 8 செக்கன் அமத்திப் பிடிச்சால் ஃபில்டர் கீஸ் எண்ட ஒண்டு கேக்கும், ஷிஃப்ட்டை 5 தரம் தட்டினால் ஸ்ரிக்கி கீஸ். சின்னப் பிள்ளையள் லப்டொப்பில விளையாடின பிறகு கீபோட் செத்த மாதிரி, இல்லாட்டி கனநேரம் அமத்தினால்தான் எழுத்து வாற மாதிரி இருந்தால் இதைத்தான் பாக்கோணும். செற்றிங்ஸ், அக்செசிபிலிற்றி, கீபோட், ரெண்டையும் ஓஃப்.

ஜே அடிச்சால் 1, கே அடிச்சால் 2, யூ அடிச்சால் 4 எண்டு இலக்கம் வந்தால் நம்லொக் ஓனில இருக்கு. நம்பர் பாட் இல்லாத சின்ன லப்டொப்பில எழுத்துக்குள்ளதான் இலக்கம் ஒளிச்சிருக்கும். எஃப்என் (Fn) எண்டு எழுதியிருக்கிற கீயோட சேத்து நம்லொக் கீயை அமத்துங்கோ.

அடுத்தது எங்கட பக்கத்துக்கெண்டே உள்ள பிழை. வெளிநாட்டில இருந்து மாமா சித்தப்பா கொண்டு வந்து குடுக்கிற லப்டொப். பிரான்ஸ் லப்டொப்பில ஏ (A) இருக்கவேண்டிய இடத்தில கியூ (Q), சட் (Z) இருக்கவேண்டிய இடத்தில டபிள்யூ (W), எம் (M) போய் எல்லுக்குப் (L) பக்கத்தில, மேல்வரிசை இலக்கம் எடுக்கிறதுக்கு ஷிஃப்ட் அமத்தோணும். ஜேர்மனி, சுவிஸ் எண்டால் வையும் (Y) சட்டும் (Z) இடம் மாறியிருக்கும். லண்டன் லப்டொப்பில அற் குறி (@) ஷிஃப்ட் 2 இல் இல்லை, என்ரருக்குப் பக்கத்தில. இங்க கடையில விண்டோஸ் போடேக்க யூஎஸ் லேயவுட்டை (எந்தக் கீக்கு எந்த எழுத்து எண்ட ஒழுங்கு) போட்டு விட்டிடுவினம், பிறகு கீயில அச்சடிச்சிருக்கிறது ஒண்டு, திரையில வாறது இன்னொண்டு. கீபோட் பழுதெண்டு மாத்தக் கொண்டு வருவினம், அதில ஒரு பழுதும் இல்லை. செற்றிங்ஸில லாங்குவேஜுக்குள்ள போய், அச்சில இருக்கிற நாட்டுக்குரிய லேயவுட்டைச் சேத்துப்போட்டு மற்றதை அழியுங்கோ. அழிக்கிறது முக்கியம், ரெண்டும் கிடந்தால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேந்து அமத்துப்பட்டவுடன மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழ் கீபோட் சேத்திருக்கிற ஆக்களுக்கும் இதே கதைதான், ஆங்கிலம் அடிக்கத் தமிழ் வந்தால் விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் ஒருக்கா தட்டுங்கோ. பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்டில அடிச்ச கடிதத்தை வேற ஃபொன்ட்டில திறந்தால் ஆங்கில எழுத்தாச் சிதறி நிக்கும், அது ஃபொன்ட் இல்லாத பிழை.

இதெல்லாம் சரியா இருந்தும் அடிக்காட்டி ஸ்ரார்ட் பட்டனில வலக்கிளிக், டிவைஸ் மனேஜர், கீபோட்ஸ், உள்ளுக்க இருக்கிறதை அன்இன்ஸ்ரோல் பண்ணி றீஸ்ரார்ட். விண்டோஸ் தானாத் திருப்பிப் போடும். இதைச் செய்ய முதல் யூஎஸ்பி மவுஸ் கொழுவி இருக்கோணும், றீஸ்ரார்ட் பண்ண ஒரு கை வேணுமே.

5. கீபோட்டிலதான் பிழை எண்டால்

யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 றோட்டுக்கு உள்ளுக்க கிறவல் பாதைப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குப் புழுதியைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. மாரி தொடங்கினால் எறும்பும் சேந்து உள்ளுக்க குடியேறும். லப்டொப்பை ஓஃப் பண்ணி, சரிச்சுப் பிடிச்சு, பிறஷால மேல இருந்து கீழ தட்டித் தட்டி விடுங்கோ. வாயால ஊதாதீங்கோ, எச்சில் ஈரம் உள்ள போகும். பெடியள் சிலர் ரயர் கடைக்குக் கொண்டு போய் கொம்பிறஷரால அடிக்கினம், அதில வாற காத்தில தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்கும், அமுக்கமும் கூட, கீ கழண்டு பறக்கும். வேண்டவே வேண்டாம்.

ஒரு கீ மட்டும் இறுகியிருந்தால் அதின்ர மூடியை ஒரு மூலையில மெல்ல நெம்பிக் கழட்டலாம். கீழ கத்தரிக்கோல் மாதிரி மடியிற வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒண்டு இருக்கும், அது உடைஞ்சால் அந்தக் கீயின்ர கதை முடிஞ்சுது. ஸ்பேஸ், என்ரர், ஷிஃப்ட் மூண்டையும் தொடாதீங்கோ, கீழ கம்பி இருக்கு, கழட்டினவை திருப்பிப் போடேலாமல்தான் கொண்டு வருவினம்.

தேத்தண்ணி ஊத்துப்பட்டால் வேகம்தான் முக்கியம். துடைச்சுக்கொண்டு நிக்காதீங்கோ. சார்ஜரை இழுங்கோ, பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு ஓஃப் பண்ணுங்கோ, கூடார வடிவில கவுத்து வையுங்கோ. லப்டொப்பைக் கெடுக்கிறது தண்ணியிலும் பாக்கக் கறண்ட்தான், ஈரத்துக்குள்ள கறண்ட் ஓடினால் போர்டில செம்பு அரிச்சுப் போகும். ரெண்டு நாளாவது ஃபானுக்குக் கீழ கிடக்கட்டும். "வேலை செய்யுதோ எண்டு ஒருக்கா ஓன் பண்ணிப் பாப்பம்" எண்டு பாக்கிற அந்த ஒருக்காவிலதான் முக்கால்வாசி லப்டொப் சாகிறது. அரிசிக்குள்ள புதைக்கிறதால பிரயோசனம் இல்லை, அரிசித் தூள்தான் உள்ள போகும். வெயிலில வைக்காதீங்கோ, முடி காய வைக்கிற மெசினும் வேண்டாம். பச்சைத் தண்ணி எண்டால் காய்ஞ்சு தப்பலாம், சீனி போட்ட தேத்தண்ணியோ சோடாவோ எண்டால் காய்ஞ்ச பிறகும் பசை நிக்கும், கழட்டி ஐசோபுறோப்பைல் அற்ககோலால துடைக்கோணும். கொரோனா காலத்தில வாங்கி மிஞ்சின கைச் சனிற்றைசரால துடைக்காதீங்கோ, அதில கிளிசறின் கிடக்கு, இன்னும் ஒட்டும்.

கீ எல்லாம் நடுவில மேல எழும்பி நிக்குது, ரச்பாட் கிளிக் ஆகுதில்லை, அடி மூடி மேசையில ஆடுது எண்டால் பற்றரி ஊதியிருக்கு. இதுதான் ஆபத்தான பிழை. சார்ஜ் போடுறதை நிப்பாட்டுங்கோ, அமத்திச் சரிபண்ணப் பாக்காதீங்கோ, குத்தாதீங்கோ, லிதியம் பற்றரி குத்துப்பட்டால் நெருப்புப் பத்தும். நேரா ஒரு தெரிஞ்ச ஆளிட்டக் கொண்டு போங்கோ.

ஒரே நேரத்தில ஏழெட்டுக் கீ, அதுவும் பக்கத்தில பக்கத்தில இல்லாமல், செத்திருந்தால் உள்ளுக்க ஓடுற கோடு அறுந்திருக்கு. துப்பரவாக்கி வராது, மாத்தத்தான் வேணும்.

6. கீபோட் மாத்துறது எண்டால்

லப்டொப்பின்ர அடியில இருக்கிற முழு மொடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கோ, "ஹெச்பி 15 இஞ்சி" எண்டு சொல்லி ஓடர் பண்ணாதீங்கோ. லைற் உள்ளதோ இல்லாததோ, பவர் பட்டன் கீபோட்டோட சேந்ததோ இல்லையோ, எந்த நாட்டு லேயவுட் எண்டதையும் சொல்லுங்கோ. சாமான் கொழும்பில இருந்தோ யாழ்ப்பாணத்தில இருந்தோ பஸ் பார்சலில வரோணும், பிழையா வந்தால் திருப்பி அனுப்புற அலைச்சல் உங்களுக்குத்தான். புது மொடல் கனக்கில கீபோட்டை மேல் மூடியோட பிளாஸ்ரிக் தலை உருக்கி அடிச்சிருப்பினம், அதுக்குக் கூலி கூட.

ஒரேயொரு கீதான் செத்திருக்கு எண்டால் நான் மாத்தச் சொல்லமாட்டன். மைக்ரோசொஃப்ட் பவர்ரோய்ஸ் எண்ட இலவச சொஃப்ட்வெயாரில கீபோட் மனேஜர் இருக்கு, நீங்கள் பாவிக்காத ஒரு கீக்கு அந்த எழுத்தைக் குடுத்திட்டு வேலையைப் பாருங்கோ.

7. இனி வைஃபை: பிழை மூண்டில எந்த இடம்

லப்டொப், றவுட்டர், வெளியில வாற லைன் அல்லது ரவர். இந்த மூண்டையும் பிரிக்கிறது சுகம். அதே வைஃபையில போனைக் கனெக்ட் பண்ணி, போனின்ர மொபைல் டேட்டாவை ஓஃப் பண்ணிப்போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கோ. டேட்டா ஓஃப் பண்ண மறக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை, போன் சிம்மில ஓடிக்கொண்டிருக்கும், இவை "வைஃபை வேலை செய்யுது" எண்டுவினம்.

போனிலயும் இல்லாட்டி லப்டொப்பைத் தொடாதீங்கோ, பிழை றவுட்டரிலயோ அங்காலயோ. போனில நல்லா வந்தால் லப்டொப்பைப் பாருங்கோ. லப்டொப்பைப் போனின்ர ஹொட்ஸ்பொட்டுக்குக் கொழுவியும் பாருங்கோ, அதில வேலை செய்தால் வைஃபை கார்ட் உயிரோடதான் இருக்கு. ஹொட்ஸ்பொட்டில கொழுவினவுடன வைஃபை புறோப்பட்டீஸில மீற்றேட் கனெக்ஷனை ஓன் பண்ணுங்கோ, இல்லாட்டி விண்டோஸ் அப்டேட் இருந்த டேட்டா முழுக்கக் குடிச்சிடும்.

8. வைஃபைப் பட்டனே காட்டாட்டி

ஏறோப்பிளேன் மோட்டைப் பாருங்கோ. எஃப் வரிசையில விமானப் படமோ அன்ரனாப் படமோ உள்ள கீ இருக்கும், அது பிசுக்குப் பிடிச்சு இறுகி நிண்டால் நீங்கள் ஓன் பண்ணப் பண்ண அது ஓஃப் பண்ணும். 5ஆம் படி முடிக்காமல் இங்க வந்தவை மாட்டுப்படுறது இதிலதான். பழைய மொடலில பக்கவாட்டில சின்ன சுவிட்ச் ஒண்டும் இருக்கும்.

டிவைஸ் மனேஜரில நெட்வேர்க் அடப்ரர்ஸைத் திறவுங்கோ. வைஃபை கார்ட் மஞ்சள் முக்கோணத்தோட நிண்டால் டிறைவர். நேற்று அப்டேட் ஆகி இண்டைக்குப் பிழைச்சது எண்டால் டிறைவர் ரப்பில றோல்பேக் குடுத்துப் பழைய டிறைவருக்குத் திரும்புங்கோ. புது டிறைவர் இறக்க நெற் வேணும், நெற்றுக்கு வைஃபை வேணும் எண்டு முழிக்கத் தேவையில்லை, போனைக் கேபிளால கொழுவி, போன் செற்றிங்ஸில யூஎஸ்பி ரெதறிங்கை ஓன் பண்ணுங்கோ, லப்டொப்புக்கு நெற் வந்திடும். டிறைவரை லப்டொப் கொம்பனியின்ர தளத்திலயே எடுங்கோ, டிறைவர் தேடித்தாற சொஃப்ட்வெயார் எண்டு வாறதை இறக்காதீங்கோ.

கார்ட் அந்தப் பட்டியலிலயே இல்லை, கறண்ட் இறக்கிப் பாத்தும் வரேல்லை எண்டால் கார்ட் போயிருக்கு, இல்லாட்டி கழண்டிருக்கு. யூஎஸ்பி வைஃபை டொங்கிள் ஒண்டு கொழுவிறதுதான் மலிவு.

கொஞ்ச நேரம் வேலை செய்து தானா அறுந்தால் அதே இடத்தில கார்ட்டின்ர புறோப்பட்டீஸ், பவர் மனேஜ்மன்ற், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை ஓஃப் பண்ணலாம் எண்டு இருக்கிற சரியை எடுத்து விடுங்கோ.

9. போனுக்குத் தெரியிற வைஃபை லப்டொப்புக்குத் தெரியாட்டி

பழைய லப்டொப் கனக்குக்கு 5 கிகாஹேட்ஸ் அலைவரிசை தெரியாது, 2.4 மட்டும்தான். போன் ஹொட்ஸ்பொட் செற்றிங்ஸில 2.4ஆ மாத்துங்கோ, ஐஃபோன் எண்டால் மக்ஸிமைஸ் கொம்பற்றிபிலிற்றி. அமெரிக்காவில இருந்து வந்த லப்டொப்புக்கு 2.4இலயும் 12ஆம், 13ஆம் சனல் தெரியாமல் இருக்கலாம், றவுட்டரில சனலை 1, 6, 11இல ஒண்டில நிப்பாட்டினால் சரி. பெயர் தெரிஞ்சும் கனெக்ட் ஆகாட்டி றவுட்டரில டபிள்யூபிஏ 3 (WPA3) எண்ட புதுப் பாதுகாப்பு முறை இருக்கோ எண்டு பாத்து 2க்கு இறக்குங்கோ. றவுட்டருக்குள்ள போற முகவரி அதின்ர அடியில ஸ்ரிக்கரில கிடக்கும், 192.168.8.1 இல்லாட்டி 192.168.1.1 மாதிரி.

10. பாஸ்வேட் பிழை எண்டு வந்தால்

பாஸ்வேட் பெட்டியில கண் படம் இருக்கு, அதை அமத்திப் பிடிச்சுப் பாத்து அடியுங்கோ. ஒரு எழுத்து விழாமல் போறது, கப்ஸ்லொக், பிரான்ஸ் லேயவுட்டில ஏக்குப் பதிலாக் கியூ விழுறது எல்லாம் இதில வெளிச்சுப்போகும். பாஸ்வேட்டை மாத்தின பிறகு பழையதிலயே நிண்டால் வைஃபைப் பெயரில வலக்கிளிக் பண்ணி ஃபொகெற் குடுத்திட்டுத் திருப்பிக் கொழுவுங்கோ.

11. கனெக்ட் ஆகுது, நெற் மட்டும் இல்லை

முதல் டேட்டா இருக்கோ எண்டு பாருங்கோ. சிரிக்காதீங்கோ, இரவு டேட்டா மட்டும் மிஞ்சியிருக்கும், பகல் டேட்டா முடிஞ்சிருக்கும், ஆள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்திருக்கும்.

பிறகு லப்டொப்பின்ர திகதியும் நேரமும். கனநாள் பெட்டிக்குள்ள கிடந்த லப்டொப்பில உள்ளுக்க இருக்கிற சின்ன 3 வோல்ட் பற்றரி செத்து திகதி பின்னுக்குப் போயிருக்கும், அப்ப எல்லாத் தளமும் பாதுகாப்பில்லை எண்டு மறிக்கும். திகதியைச் சரிபண்ணினவுடன திறக்கும்.

வைஃபை புறோப்பட்டீஸில ஐபி முகவரி 169.254 எண்டு தொடங்கினால் றவுட்டர் உங்களுக்கு முகவரி தரேல்லை, றவுட்டரை ஓஃப் பண்ணி ஒரு நிமிசம் விட்டு ஓன் பண்ணுங்கோ, அது முழுசா எழும்ப ரெண்டு மூண்டு நிமிசம் எடுக்கும், அதுக்குள்ள அவசரப்பட்டுத் திருப்பி ஓஃப் பண்ணாதீங்கோ. 192.168 எண்டு ஒழுங்கா இருந்தும் வராட்டி ஸ்ரார்ட்டில cmd எண்டு அடிச்சால் வாற கொமாண்ட் விண்டோவில ping 8.8.8.8 எண்டு அடிச்சுப் பாருங்கோ, அது கூகிளின்ர முகவரி. பதில் வந்தும் தளம் திறக்காட்டி, தளத்தின்ர பெயரை இலக்க முகவரியா மாத்திற டிஎன்எஸ்தான் பிழை, அதே புறோப்பட்டீஸில டிஎன்எஸ்ஸை மனுவல் ஆக்கி 8.8.8.8 போடுங்கோ. பதிலே இல்லாட்டிப் பிழை பெரும்பாலும் றவுட்டருக்கு அங்கால.

12. றவுட்டர் வைக்கிற இடம்

தகரக் கூரை வீட்டில 4ஜி றவுட்டரை நடு அறையில வைச்சால் ரவர் சிக்னல் உள்ள வராது, தகரம் தடுக்கும். ரவர் இருக்கிற பக்க யன்னலில, உயர வையுங்கோ. இரும்பு அலுமாரி, ஃபிறிட்ஜ் பின்னால வேண்டாம். இடையில சுவர் கூட எண்டால் லப்டொப்பை 2.4இல விடுங்கோ, 5 வேகம் கூட எண்டாலும் சுவர் தாண்டக் கஷ்டப்படும்.

சித்திரை மழையும் ஐப்பசி மழையும் இடியோடதான் வரும். இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கை மட்டும் இல்லை, ரெலிபோன் வயரையும் சேத்துக் கழட்டுங்கோ, மின்னல் வயராலயும் வரும். கறண்ட் போனாலும் றவுட்டரை ஓட வைக்கிற மினி யூபிஎஸ் வாங்கிறதெண்டால் றவுட்டர் அடப்ரரில எழுதியிருக்கிற வோல்ட்டையும் அம்பியரையும் பாத்து வாங்குங்கோ.

13. நெட்வேர்க் றீசெற், அதுக்குப் பிறகுதான் ஃபோர்மட்

செற்றிங்ஸ், நெட்வேர்க், அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செற்றிங்ஸ், நெட்வேர்க் றீசெற். இதில சேமிச்ச வைஃபைப் பாஸ்வேட் எல்லாம் அழியும், அதால றவுட்டர் ஸ்ரிக்கரைப் படம் எடுத்துப்போட்டுச் செய்யுங்கோ.

ஃபோர்மட்டுக்குக் குடுக்கிறதெண்டால் 3ஆம் படியையும் 7ஆம் படியையும் செய்து, பயோஸில கீ வேலை செய்ததோ, ஹொட்ஸ்பொட்டில நெற் வந்ததோ எண்ட ரெண்டையும் கடைக்காரருக்குச் சொல்லுங்கோ. பயோஸிலயே கீ செத்திருந்தால் ஃபோர்மட்டுக்குக் காசு குடுக்காதீங்கோ. டிறைவ் பூட்டியிருந்தால் பிட்லொக்கர் கீயை உங்கட மைக்ரோசொஃப்ட் எக்கவுன்ரில முதல் எடுத்து எழுதி வையுங்கோ, அது இல்லாமல் உள்ளுக்க இருக்கிற படத்தை ஆராலும் எடுத்துத் தரேலாது.